நெயில் டெக்னீஷியன் பயிற்சி: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூன்று நாள் வகுப்பு, 12,000 ரூபாய். கடைசி நாள் மாலை கையில் ஒரு சான்றிதழும் தோளில் ஒரு கிட் பையுமாகத் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். அடுத்த வாரமே சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். "அக்கா, என் நகத்துக்கு நீயே ஜெல் போட்டுவிடு" என்று கையை நீட்டினாள். டிரில் மெஷினை எடுத்து நகத்தின் அடிப்பகுதியைத் தேய்த்தேன். "சுடுதுக்கா" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ, இப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஜெல்லை எடுத்தபோது எட்டு விரல்களில் நகத்தின் குறுக்கே சிவப்பாகப் பிறை வடிவில் பள்ளம். இதற்கு இந்தத் தொழிலில் 'ரிங் ஆஃப் ஃபயர்' என்று பெயரே இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியில் விழுந்த பள்ளம் நுனிவரை வந்து வெட்டுப்பட ஆறு மாதம் ஆகும். கல்யாண ஆல்பத்தில் அவள் விரல்களை மடக்கியே வைத்திருக்கிறாள்.

அதன்பிறகு மறுபடி பணம் கட்டி, ஆறு வாரம் முறையாகக் கற்றேன். இப்போது இதுதான் என் பிழைப்பு. முதல் முறையே யாராவது வழி சொல்லியிருந்தால் அந்த 12,000 மிஞ்சியிருக்கும். அவள் நகமும் தப்பித்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நகப் பணி செய்ய மாநில உரிமம் வேண்டும். கலிஃபோர்னியாவில் அதற்கு 400 மணி நேரப் பயிற்சி, டெக்ஸாசில் 600 மணி நேரம். என் மூன்று நாள் வகுப்பு மொத்தம் 18 மணி நேரம். நம் நாட்டில் தனிநபருக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆகவே நல்ல பயிற்சி எது, வெறும் காகிதம் எது என்று பிரித்துப் பார்ப்பது முழுக்க உங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

1. முதலில் உங்கள் தோலையும் மூச்சையும் யோசியுங்கள்

விளக்கொளியில் இறுகும் ஜெல், திரவமும் பொடியும் கலந்து போடும் அக்ரிலிக் இரண்டுமே அக்ரிலேட் வகை ரசாயனங்கள். சரியாக இறுகாத நிலையில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது. பல் அடைக்கும் பசை, மூட்டு மாற்று சிகிச்சையில் பயன்படும் எலும்பு சிமென்ட் ஆகியவற்றிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள் இருப்பதால், பிற்காலத்தில் அங்கேயும் தொல்லை வரக்கூடும். பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018இலேயே இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது.

உங்களுக்கு ஏற்கெனவே கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் இருந்தாலோ, ஆஸ்துமா இருந்தாலோ, பல் மருத்துவரிடம் பசை பட்டு வாய் வீங்கிய அனுபவம் இருந்தாலோ, வகுப்புக்குப் பணம் கட்டும் முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஒருமுறை பார்க்க ஆகும் கட்டணம் சில நூறு ரூபாய்தான். கர்ப்பமாக இருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தேதி முடிவு செய்யுங்கள். கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: ஒரு எக்ஸ்டென்ஷன் செட், அதாவது பத்து விரலுக்கும் நகத்தை நீட்டும் செயற்கை நகம், போடத் தொடக்கத்தில் மூன்று மணி நேரம் குனிந்தே உட்கார வேண்டியிருக்கும்.

2. எந்த வழியில் கற்பது என்று முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு.

ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி பிரிவு ஓராண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். முடி, முகம், கை கால் என்று அழகுக்கலை முழுவதும் வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார், புகைப்படங்கள் தயாராக இருக்கட்டும். விண்ணப்பம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை ஒட்டித்தான் திறக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அடுத்து, மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள். அழகு நிலையம் நடத்துவதற்கான பயிற்சி ஒரு மாத அளவில் இருக்கும். கட்டணம் இல்லை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். கையில் காசில்லாத பெண்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

ஆனால் இந்த இரண்டிலும் நகம் என்றால் பெரும்பாலும் மேனிக்யூர், பெடிக்யூர், சாதாரண நெயில் பாலிஷ் வரைதான். ஜெல் எக்ஸ்டென்ஷன், அக்ரிலிக், டிரில் மெஷின் கையாளுதல் இவற்றுக்குத் தனியார் பயிற்சி மையம் தேடியாக வேண்டும். "நான் பியூட்டீஷியன் கோர்ஸ் முடிச்சிட்டேன், நெயிலும் தெரியும்" என்று நினைத்து நேரடியாக எக்ஸ்டென்ஷனில் இறங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். மேனிக்யூர் தெரிவது நல்ல அடித்தளம்தான். ஆனால் ஒரு நகத்தின் மேல் இன்னொரு நகத்தைக் கட்டுவது வேறு வேலை.

மூன்றாவது, தனியார் மையம். இனி நான் சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான், ஏமாற்றமும் அங்கேதான் அதிகம்.

3. நேரில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்

இன்ஸ்டாகிராம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். நான் அப்படித்தான் 5,000 அனுப்பினேன். அதன்பின் வகுப்பு பிடிக்கவில்லை என்றாலும் திரும்பக் கேட்க முடியவில்லை.

வகுப்பு நடக்கும் நேரத்தில் நேரில் போங்கள். "ஒரு மணி நேரம் ஓரமா உட்கார்ந்து பார்க்கலாமா மேடம்?" என்று கேளுங்கள். நல்ல இடத்தில் நாற்காலி போடுவார்கள். நான் இரண்டாவது முறை சேர்ந்த இடத்தில் டீயும் கொடுத்தார்கள், கேள்விக்கெல்லாம் பதிலும் சொன்னார்கள். "வகுப்பு பிரைவேட், சேர்ந்த பிறகுதான் பார்க்கலாம்" என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கைக் கவனியுங்கள். கண் கரிக்கும் அளவுக்குக் காரமான பழ வாசனை அடித்தால், அக்ரிலிக் பாட்டிலில் எம்எம்ஏ எனப்படும் மீத்தைல் மெத்தாக்ரிலேட் இருக்கலாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1970களிலேயே நடவடிக்கை எடுத்த திரவம் இது. மலிவு என்பதால் இன்னமும் சுற்றுகிறது. இதில் போட்ட நகம் கல் போல இறுகும், ஃபைல் பண்ண வராது, அசிட்டோனில் லேசில் கரையாது. எங்காவது இடித்தால் செயற்கை நகம் உடைவதற்குப் பதில் சொந்த நகம் பெயர்ந்து வரும். முறையான திரவம் இஎம்ஏ எனப்படும் எத்தைல் மெத்தாக்ரிலேட். பாட்டிலை வாங்கிப் பாருங்கள். லேபிளே இல்லாத வெள்ளை டப்பாவில் ஊற்றி வைத்திருந்தால் கேள்வி கேட்கவே வேண்டாம்.

மேஜையில் தூசு இழுக்கும் விசிறி இருக்கிறதா? மாணவிகள் நைட்ரைல் கையுறை போட்டிருக்கிறார்களா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? ஆறு பேருக்கு மேல் போனால் உங்கள் கையை யாரும் பார்க்க மாட்டார்கள். என் முதல் வகுப்பில் பதினேழு பேர். பயிற்சியாளர் ஒரு கையில் செய்து காட்டினார், நாங்கள் பின்னால் எம்பி நின்று செல்போனில் வீடியோ எடுத்தோம்.

பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், பணம் உங்களுடையது.

மொத்தம் எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம், அதில் உயிருள்ள கையில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ரப்பர் கையில் பழகுவது வடிவத்துக்கு உதவும். ஆனால் ரப்பர் கைக்குச் சுடாது, வலிக்காது, ரத்தம் வராது. மாடல்களை அவர்களே கொண்டுவருவார்களா, நாம் அழைத்து வர வேண்டுமா? வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை.

ரிமூவல், அதாவது போட்டதை எடுப்பது, கற்றுத்தருவீர்களா? நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைத்தான் கேட்பேன். ரிமூவலுக்கு அரை நாளாவது ஒதுக்காத இடத்தில் சேராதீர்கள். வாடிக்கையாளரின் நகம் கெடுவது பெரும்பாலும் போடும்போது இல்லை, எடுக்கும்போதுதான். சாதாரண ஜெல் பாலிஷ் என்றால் மேல் பளபளப்பை ஃபைல் பண்ணி, அசிட்டோனில் நனைத்த பஞ்சு வைத்து, ஃபாயில் சுற்றி பதினைந்து நிமிடம் பொறுமையாக உட்கார வேண்டும். அது தானாகத் தூக்கிக்கொண்டு வரும்போது மரக்குச்சியால் தள்ளினால் போதும். எக்ஸ்டென்ஷனுக்குப் போடும் ஹார்ட் ஜெல் அசிட்டோனில் கரையவே கரையாது, ஃபைல் பண்ணித்தான் எடுக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாதவர் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுக் கடைசியில் நெம்பி எடுப்பார். ஜெல்லோடு சேர்ந்து நகத்தின் மேலடுக்கும் உரிந்து வரும்.

வகுப்பு முடிந்த பிறகு சந்தேகம் வந்தால்? மீண்டும் வந்து உட்கார அனுமதி உண்டா? எத்தனை மாதம் வரை? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

4. சான்றிதழ் விஷயத்தில் ஏமாறாதீர்கள்

"அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற வார்த்தை எல்லாச் சுவரிலும் இருக்கும். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று காகிதங்களைக் காட்டுவார்கள்.

எம்எஸ்எம்இ சான்று என்பது சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. தன் தொழில் விவரத்தை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் இலவசமாகப் பதிந்து பெறுவது. பாடத்திட்டத்தை யாரும் பார்த்து ஒப்புதல் தந்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. ஐஎஸ்ஓ 9001 நிர்வாக முறைக்கான தரச்சான்று. பயிற்சியாளருக்கு நகம் பற்றி என்ன தெரியும் என்பதை அது சொல்லாது. ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கானது. மூன்றும் அந்த நிறுவனம் பதிவான நிறுவனம் என்று காட்டும், அவ்வளவுதான்.

உண்மையான அரசு அங்கீகாரம் என்றால் தேசிய தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம், அதாவது என்சிவிஇடி, ஏற்றுக்கொண்ட தகுதியாக இருக்க வேண்டும். நம் துறைக்கு அழகு மற்றும் நல்வாழ்வுத் துறைத் திறன் குழுமம் இருக்கிறது. அங்கே பயிற்சி கொடுத்த இடம் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளாது, வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து தேர்வு வைப்பார். பழைய மாணவியின் சான்றிதழ் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் க்யூஆர் குறியீடு இருந்தால் அங்கேயே செல்போனில் ஸ்கேன் செய்யுங்கள். திறப்பது அரசு தளமா, அந்த மையத்தின் சொந்தப் பக்கமா என்று பாருங்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் சிடெஸ்கோ, சிப்டாக், சிட்டி அண்ட் கில்ட்ஸ் போன்ற சர்வதேசச் சான்றுகளை யோசிக்கலாம். தேர்வுக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்துக்கு மேல் தனியாக வரும். தேர்வு எந்த மாதம், எந்த ஊரில், தேறாவிட்டால் மறுபடி எவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அந்த மையத்துக்கு உண்மையிலேயே இணைப்பு இருக்கிறதா என்று சான்று தரும் அமைப்பின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

உள்ளூர் சலூனில் வேலைக்குப் போனால் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஒரு செட் போட்டுக் காட்டுங்க" என்றுதான் சொல்வார்கள். என்னிடம் மூன்று இடங்களில் அப்படித்தான் கேட்டார்கள். கை பேச வேண்டிய இடம் அது.

5. முழுச் செலவையும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள்

நான் திருச்சி, சென்னை, கோவையில் விசாரித்தபோது ஒன்று முதல் மூன்று நாள் வகுப்புகள் 5,000 முதல் 15,000 வரை இருந்தன. பத்துப் பதினைந்து நாள் என்றால் 25,000 முதல் 45,000. ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று போனால் 50,000இல் தொடங்கி ஒரு லட்சம் வரை. நான் கடைசியில் சேர்ந்த ஆறு வார வகுப்புக்கு 60,000.

சொன்ன கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம். 40,000 என்று பேசிவிட்டு ரசீது போடும்போது 47,200 கேட்பார்கள். ரசீது இல்லாமல் பணம் கட்டவே கட்டாதீர்கள். ரசீதில் பயிற்சியின் பெயர், நாட்கள், மொத்தக் கட்டணம், கட்டியது, பாக்கி எல்லாம் இருக்கட்டும். முடிந்தவரை இரண்டு தவணையாகக் கேளுங்கள்: சேரும்போது பாதி, பாதிப் பயிற்சி முடிந்ததும் மீதி.

'இலவச கிட்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். எனக்குக் கிடைத்த பையில் பெயர் தெரியாத ஜெல் பாட்டில்கள் பன்னிரண்டு, ஒரு குட்டி யுஎஸ்பி விளக்கு, பேனா மாதிரி ஒரு டிரில். அந்த விளக்கில் ஜெல் மேலே மட்டும் காய்ந்து உள்ளே பசையாகவே இருந்தது. என் விரல் நுனிகளில் அரிப்பு தொடங்கியதற்கு அதுதான் காரணம் என்று தோல் மருத்துவர் சொன்னார். கிட்டில் என்னென்ன, எந்த பிராண்ட் என்று பட்டியல் வாங்குங்கள். கிட் வேண்டாம், கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நானே பிறகு வாங்கியதில் நல்ல விளக்கு 3,500, டிரில் மெஷின் 6,000, மேஜைத் தூசு உறிஞ்சி 4,000. பேஸ் கோட், டாப் கோட், நகத்துக்குத் தடிமன் தரும் பில்டர் ஜெல், பத்து நிறங்கள், ஒட்டும் செயற்கை நுனி (டிப்), ஃபைல், அசிட்டோன், கையுறை எல்லாம் சேர்த்து இன்னொரு 15,000. முதலில் நிறங்களை வாங்கிக் குவிக்காதீர்கள். சிவப்பு, மெரூன், நியூட் இரண்டு, வெள்ளை, கறுப்பு இருந்தால் முதல் மூன்று மாதம் ஓட்டிவிடலாம்.

எல்லோரும் மறந்துவிடும் செலவு பயிற்சி முடிந்த பிறகு வருகிறது. கை பழக இரண்டு மூன்று மாதம் இலவசமாகவோ பொருள் காசுக்கோ செய்ய வேண்டியிருக்கும். மாதம் 3,000 ரூபாய்ப் பொருளாவது கரையும். வருமானம் வராத அந்தக் காலத்துக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

6. பயிற்சியில் கை எதைப் பழக வேண்டும்

பூ வரைவதையும் கல் ஒட்டுவதையும் யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். நெயில் ஆர்ட்டுக்காகப் பயிற்சிக் கட்டணம் கட்டாதீர்கள். கட்டுவது கீழே சொல்லும் விஷயங்களுக்காக இருக்கட்டும்.

முதல் வாரம் முழுக்க நகத்தைத் தயார் செய்வதுதான். என் இரண்டாவது ஆசிரியை ஐந்து நாள் எங்களை ஜெல்லைத் தொடவே விடவில்லை. க்யூட்டிகிள் என்று நாம் பொதுவாகச் சொல்லும், நகமும் தோலும் சேரும் இடத்தில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி மாதிரி மெல்லிய படலம் ஒன்று, அது உயிரற்றது, அதை எடுக்க வேண்டும். அதன் பின்னால் இருக்கும் தடித்த விளிம்பு உயிருள்ள தோல், அதை வெட்டக் கூடாது. அவர் மேஜை விளக்கை நகத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தபோது சுத்தமாகத் தெரிந்த நகத்தில், சாய்ந்த வெளிச்சம் பட்டதும் வெங்காயச் சருகு மாதிரி ஒரு படலம் அடியிலிருந்து பாதி நகம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. "இது மேல ஜெல் போட்டா எத்தனை நாள் நிக்கும் சொல்லு" என்றார். நான்கு நாளில் தூக்கிக்கொள்ளும். எனக்கு லிஃப்டிங் ஏன் வந்துகொண்டே இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதுவரை ஜெல் பிராண்டைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது, டிரில் பிடிப்பது. டிரிலின் சுழலும் முனையான பிட் நகத்துக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும், நுனி குத்தக் கூடாது, ஓரிடத்தில் நிற்கக் கூடாது, அழுத்தவே கூடாது. சொந்த நகத்தின் மேல் வேகம் குறைவாகவே இருக்கட்டும். நாங்கள் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் தொடங்கினோம், 10,000ஐத் தாண்ட விடவில்லை. சுடுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் உடனே கையை எடுத்துவிடுங்கள். ஃபைலிலும் அப்படித்தான். கிரிட் என்பது ஃபைலின் சொரசொரப்பு அளவு, எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம். 100 கிரிட் செயற்கை நகத்துக்கு மட்டும். சொந்த நகத்துக்கு 180க்குக் கீழே போகாதீர்கள், 240 இன்னும் நல்லது.

மூன்றாவது, விளக்கில் இறுக வைப்பது. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காயாமல் இருக்கும். ஒவ்வாமையின் வாசல் இதுதான். ஜெல் எந்த நிறுவனமோ அந்த நிறுவனம் சொல்லும் விளக்கும் நேரமும்தான் கணக்கு. வாட் அதிகம் என்பதால் மட்டும் நல்ல விளக்கு ஆகிவிடாது. நான்கு விரலோடு கட்டைவிரலையும் சேர்த்து உள்ளே விட்டால் கட்டைவிரல் பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளும், வெளிச்சம் நேராக விழாது. ஆகவே கட்டைவிரல் இரண்டையும் தனியாக விடுங்கள். தோலில் ஜெல் பட்டால் விளக்கில் விடுவதற்கு முன்பே குச்சியால் துடைத்துவிட வேண்டும். பில்டர் ஜெல்லைத் தடிமனாக வைத்தால் உள்ளே சட்டென்று சூடு ஏறும். கையை இழுத்துக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கையுறை பற்றியும் ஒரு வார்த்தை. திரவம் பட்டுவிட்டால் நைட்ரைல் கையுறையும் சில நிமிடங்களில் ஊடுருவ விடும். உடனே மாற்றுங்கள். ஒரு ஜோடியை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம். முகக்கவசம் தூசைத்தான் தடுக்கும், ஆவிக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதே அறையில் சாம்பிராணியோ ஊதுபத்தியோ கொளுத்தாதீர்கள்.

7. சுத்தம்: இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பார்லரில் நீல வெளிச்சம் எரியும் பெட்டியில் தோல் வெட்டும் நிப்பர்களை வைத்திருப்பார்கள். அதற்குள் வைத்தால் கிருமி போய்விடும் என்று என் முதல் வகுப்பில் சொன்னார்கள். அந்த வெளிச்சம் படாத மடிப்பிலும் அடியிலும் எதுவும் சாகாது. சுத்தம் செய்த கருவியைத் தூசு படாமல் வைக்க மட்டும் அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம்.

முறை இதுதான்: சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, லேபிளில் சொன்ன நேரம் கிருமிநாசினியில் முழுக மூழ்க வைத்து எடுக்க வேண்டும். தோலை வெட்டும் கருவி என்றால் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். ஃபைலும் பஃபரும் மரக்குச்சியும் ஓர் ஆளுக்கு ஒன்று. செட் முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம், அல்லது அவர் கண் முன்னே குப்பையில் போடலாம். ஒரு ஃபைல் இருபது ரூபாய்க்குள்தான் வரும், அதைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. எப்போது கை வைக்கக் கூடாது

நல்ல பயிற்சியில் இதற்கென்று ஒரு நாள் படங்களோடு இருக்கும். பச்சை நிறக் கறை இருந்தால் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. தூக்கிக்கொண்ட ஜெல்லின் அடியில் ஈரம் தங்கினால் வரும். மேலே இன்னொரு கோட் போட்டு மறைக்காதீர்கள். மஞ்சளாகத் தடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். நகத்தைச் சுற்றி வீங்கிச் சீழ் இருந்தால் தொடவே வேண்டாம். நகம் அடியிலிருந்து பிரிந்து வெள்ளையாகத் தெரிந்தால் எக்ஸ்டென்ஷன் போடாதீர்கள். ஒரே ஒரு நகத்தில் கறுப்பு, பழுப்புக் கோடு புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனால், அடிபட்ட நினைவும் இல்லை என்றால், "அக்கா, இதை ஒரு தோல் டாக்டர்ட்ட காட்டிடுங்க" என்று கட்டாயம் சொல்லுங்கள். நகத்தடியில் வரும் மெலனோமா புற்றுநோய் சில சமயம் அப்படித்தான் தலைகாட்டும். நோயின் பெயரை நாம் சொல்ல வேண்டாம், நாம் மருத்துவர் இல்லை. டாக்டரிடம் அனுப்பிவைத்தால் நம் கடமை முடிந்தது.

9. பொருள் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

காஸ்மெடிக்ஸ் விதிகள் 2020இன்படி வெளிநாட்டிலிருந்து வரும் அழகுசாதனப் பொருளுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் பெயர் முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் உற்பத்தி உரிம எண் இருக்கும். பேட்ச் எண், காலாவதித் தேதி இரண்டையும் பாருங்கள். ஆன்லைனில் 99 ரூபாய்க்கு வரும் பாட்டிலில் இவற்றில் எதுவும் இருக்காது.

ஜெல்லில் கலக்கும் ஹெமா என்ற அக்ரிலேட்டால் ஒவ்வாமை அதிகம் வருவதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் அது கலந்த நகப் பொருள்களைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். ஜெல்லை விளக்கில் இறுகச் செய்யும் டிபிஓ என்ற பொருளை அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். 'ஹெமா ஃப்ரீ', 'டிபிஓ ஃப்ரீ' என்று இப்போது பாட்டிலில் வருவது அதனால்தான். அப்படிப்பட்டதை வாங்குவது நல்லது, ஆனால் அதிலும் வேறு அக்ரிலேட்கள் உண்டு. தோலில் படாமல் செய்யும் பழக்கத்தை அந்த வார்த்தைக்காக விட்டுவிடாதீர்கள்.

10. பயிற்சி முடிந்த பிறகு: காகிதங்களும் காலமும்

முதல் முப்பது செட் கணக்கு வையுங்கள். ஒவ்வொரு செட்டையும் போட்ட அன்றும், பதினைந்தாம் நாளும் படம் எடுங்கள். இரண்டாவது படத்தில்தான் உங்கள் வேலையின் தரம் தெரியும். தூக்கியிருக்கிறதா, எந்த விரலில், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எனக்கு எப்போதும் வலதுகை மோதிர விரலிலேயே தூக்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்த கோணத்தில் அந்த விரலின் இடது ஓரம் சரியாகத் தெரியவில்லை என்பது இருபதாவது செட்டில்தான் பிடிபட்டது. வாடிக்கையாளர் கையைத் திருப்பி வைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

முடிந்தால் ஆறு மாதமாவது நல்ல சலூனில் வேலை பாருங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் வேகம் வரும். வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

சொந்தமாகத் தொடங்க உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் வங்கி விவரமும் இருந்தால் வீட்டிலிருந்தே முடிக்கலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. கூகுளில் தேடினால் அரசு தளம் மாதிரியே தோற்றத்தில் 2,000, 3,000 கேட்கும் பக்கங்கள் முதலில் வரும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். கடையாகப் போட்டால் மாநகராட்சி அல்லது நகராட்சியில் தொழில் உரிமம் வாங்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது நகல், உங்கள் அடையாள அட்டை கேட்பார்கள். வீட்டு உரிமையாளரிடம் வரி ரசீது கிடைக்குமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், நான் அதற்காக ஐந்து வாரம் அலைந்தேன். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

கடன் வேண்டுமென்றால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவு 50,000 வரை, கிஷோர் பிரிவு 5 லட்சம் வரை. அடமானம் இல்லை. ஆதார், பான், உத்யம் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், பயிற்சிச் சான்றிதழ், வாங்கப்போகும் கருவிகளுக்கான விலைப்பட்டியல் ஆகியவற்றைக் கணக்கு வைத்திருக்கும் கிளைக்கே கொண்டுபோங்கள். விலைப்பட்டியலில் கடைக்காரரின் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். கைவினைஞர்களுக்கான மத்திய அரசுத் திட்டமான பிஎம் விஸ்வகர்மாவில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதன் 18 தொழில்களில் முடி திருத்துவோர் உண்டு, நகக் கலை இல்லை.

விலை வைக்கும்போது ரிமூவலுக்குத் தனிக் கட்டணம் போட்டுவிடுங்கள். நான் 300 வாங்குகிறேன். முதலில் "எடுக்கிறதுக்கு எதுக்கும்மா காசு?" என்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று சொன்னால் வீட்டில் பிய்த்துக்கொள்ளாமல் வருவார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி வையுங்கள்: பெயர், தேதி, எந்த ஜெல், எந்த விளக்கு, எத்தனை நொடி, ஒவ்வாமை ஏதாவது உண்டா, சர்க்கரை நோய் உண்டா, நகம் போட்டபோது எப்படி இருந்தது. மூன்றாம் நாள் போன் செய்து அரிப்போ சிவப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அன்றைக்கே வரச் சொல்லி, காசு வாங்காமல் எடுத்துவிட்டு, அட்டையில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.